கிடார் கழுத்தைச் செதுக்குவது: சரிவு முதல் உருட்டல் வரை

இது ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிடாரின் கழுத்தைக் கையால் செய்வதற்கான வழிகாட்டி. எடுத்துக்கொண்டிருக்கும் கிடாருக்கு ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் நீளம்) 645 மி.மீ., கழுத்து 14-ஆவது ஃபிரெட்டில் (விரல் பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) உடம்போடு சேரும், கழுத்துக்கு மகாகனி, ஃபிரெட்போர்டுக்கு (விரல் பலகைக்கு) ஈட்டி மரம். உங்கள் அளவுகள் வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை மாறாது.

கழுத்து கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: அவசரப்பட்டு உருட்டிவிடுவது. மர அரம் கையில் வந்ததும் எல்லோருக்கும் உருட்டத் தோன்றும். ஆனால் தட்டையான முகத்தில்தான் கோடு கிழிக்கலாம், சட்டம் வைத்துப் பார்க்கலாம், வெர்னியரில் அளக்கலாம். உருண்டுவிட்ட மரத்தில் கண்ணுக்கும் கைக்கும் பிடிமானம் இல்லை. அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும், முடிந்தவரை தட்டைகளைத் தட்டைகளாகவே வைத்திருக்கிறோம். உருட்டுவது கடைசி வேலை.

## 1. முதலில் நான்கு எண்கள்

மரத்தைத் தொடுவதற்கு முன் தாளில் நான்கு எண்கள் வேண்டும்: நட்டில் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் அமரும் சிறு துண்டு) அகலம், 12-ஆவது ஃபிரெட்டில் அகலம், 1-ஆவது ஃபிரெட்டில் கனம், 10-ஆவது ஃபிரெட்டில் கனம்.

அகலத்தைக் கம்பிகளிலிருந்து கணக்கிடுங்கள். நட் 44 மி.மீ. என்று வைப்போம். இரண்டு ஓரத்திலும் 3.25 மி.மீ. விட்டால், முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே 37.5 மி.மீ. இருக்கும். சேடிலில் (உடம்பின்மேல் உள்ள பிரிட்ஜில் கம்பிகள் அமரும் துண்டு) அதே இடைவெளி 56 மி.மீ. என்றால், நட்டுக்கும் சேடிலுக்கும் நடுவில் இருக்கும் 12-ஆவது ஃபிரெட்டில் அது இரண்டின் சராசரி, அதாவது 46.75 மி.மீ. அங்கே இருபுறமும் 4 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக ஓரம் விட்டு 55 மி.மீ. என்று முடிவு செய்யலாம். ஓரம் 3 மி.மீ.க்கும் கீழே போனால், வாசிக்கும்போது முதல் கம்பி ஃபிரெட்டின் விளிம்பைத் தாண்டி வழுக்கி விழும். கணக்குப் போடாமல் இன்னொரு கிடாரின் அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரிட்ஜை வேறு இடத்திலிருந்து வாங்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

கனத்துக்கு 1-ஆவது ஃபிரெட்டில் 21 மி.மீ., 10-ஆவதில் 23 மி.மீ. நல்ல தொடக்கம். இது 6 மி.மீ. ஃபிரெட்போர்டையும் சேர்த்த கணக்கு. ஆக, கழுத்து மரம் மட்டும் 15, 17 மி.மீ. கைக்குப் பழகிய கிடார் ஒன்று இருந்தால் அதை அளந்து அந்த எண்களையே எடுத்துக்கொள்ளலாம். அளக்கும்போது வெர்னியரை இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவே, பலகையின் மேல் வையுங்கள். ஃபிரெட்டின் தலைமேல் வைத்தால் ஏறக்குறைய 1 மி.மீ. கூடுதலாகக் காட்டும். கழுத்தில் 1 மி.மீ. என்பது பெரிய வித்தியாசம்.

கம்பிகளின் இழுப்பைச் சமாளிக்கக் கழுத்துக்குள்ளே போகும் உலோகத் தண்டான டிரஸ் ராடையும் இப்போதே கணக்கில் கொண்டுவாருங்கள். அதற்கான பள்ளம் 9.5 மி.மீ. ஆழம் என்றால், 15 மி.மீ. மரத்தில் அடியில் 5.5 மி.மீ. மிஞ்சும். இது போதும். யாராவது மொத்தக் கனம் 19 மி.மீ. வேண்டும் என்று கேட்டால் 3.5 மி.மீ.தான் மிஞ்சும். அதற்குக் கீழே நான் போகமாட்டேன். மெல்லிய கழுத்துதான் வேண்டுமென்றால் ஆழம் குறைந்த ராடை வாங்குங்கள்.

## 2. மரமும் கருவிகளும்

கழுத்துக்கு 800 மி.மீ. நீளம், 75 மி.மீ. அகலம், 22 மி.மீ. கனம் உள்ள சட்டம் ஒன்று போதும். கழுத்து உடம்போடு சேரும் தடித்த பகுதியான ஹீலுக்குத் தனித் துண்டுகளை அடுக்கி ஒட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் பார்த்தால் நார் ஓட்டம் சட்டத்தின் நீளத்துக்கு இணையாக ஓட வேண்டும். முனையில் பார்த்தால் வளைய வரிகள் செங்குத்தாக நிற்பது நல்லது. நார் குறுக்கே ஓடி வெளியேறும் சட்டம், எவ்வளவு அழகாக இருந்தாலும், கழுத்துக்கு வேண்டாம். பின்னால் எந்தத் திசையில் சீவினாலும் பிய்ந்துகொண்டு வரும், கம்பி இழுப்பில் திருகவும் செய்யும்.

மரக்கடையில் வாங்கும் மகாகனி கதவு, கட்டில் வேலைக்குக் காய்ந்திருக்கலாம். கழுத்துக்கு அந்தக் காய்ச்சல் போதாது. வாங்கிய சட்டத்தை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி வீட்டுக்குள் விட்டுவையுங்கள். சமையல் அறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்துவையுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபிரெட்போர்டு ஒட்டாமல் இருப்பது நல்லது. ஈரத்தில் ஊதிய பலகை பின்னால் ஏசி அறைக்குப் போனதும் சுருங்கும், ஃபிரெட்டுகளின் முனைகள் வெளியே நீண்டு கையைக் கிழிக்கும்.

தேக்கிலும் செய்யலாம். எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும். ஈட்டிக்கும் இதே கவனம் வேண்டும்.

கருவிகள்: நன்றாகத் தீட்டிய இழைப்புளி, ஸ்போக்‌ஷேவ் (இருபுறமும் பிடி உள்ள சிறு சீவுகருவி), ஒரு முரட்டு மர அரம், ஒரு நைஸ் அரம், அகலமான உளி, சீவுத் தகடு, வெர்னியர், மூலைமட்டம், 45 செ.மீ. அளவுக்கு நேரான இரும்புச் சட்டம். இதோடு 30 செ.மீ. நீளமுள்ள தட்டையான கட்டை ஒன்று, உப்புத்தாள் ஒட்டிக்கொள்ள. ஈட்டித் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும். முகக்கவசம் இல்லாமல் அதைத் தேய்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, அதிகம் பேர் விட்டுவிடுவது: கழுத்தைத் தாங்கும் கட்டை. ஃபிரெட்போர்டின் முழு நீளத்துக்கும் தட்டையான ஒரு தடித்த சட்டம். செதுக்கும்போது கழுத்து குப்புற இதன்மேல் படுத்திருக்கும், ஹெட்ஸ்டாக் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) முனைக்கு வெளியே தொங்கும். தாங்கல் இல்லாமல் இரண்டு முனையில் மட்டும் கிளாம்ப் போட்டால், அரத்தின் அழுத்தத்தில் நடுப்பகுதி கீழே வளையும். அங்கே அரம் குறைவாகக் கடிக்கும். கையை எடுத்ததும் மரம் நிமிர்ந்து, நடுவில் ஒரு மேடு தெரியும்.

## 3. சரிவு போடுவதற்கு முன் முடிக்க வேண்டியவை

ஒரு விதி மட்டும் நினைவிருந்தால் போதும். இணையான ஓரமோ செங்கோணமோ தேவைப்படும் வேலைகள் எல்லாம் சரிவுக்கு (கழுத்தை நட்டை நோக்கிக் குறுகும்படி வெட்டுவதற்கு) முன்னால் முடிந்திருக்க வேண்டும். சரிவு போட்டபின் கழுத்தில் எந்த ஓரமும் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்காது. ரவுட்டர் (பள்ளம் வெட்டும் மின்கருவி) சாய்ந்து ஓட ஓரம் கிடையாது, மூலைமட்டம் வைக்கவும் இடம் கிடையாது.

அப்படி முன்னால் வருபவை:

டிரஸ் ராடு பள்ளம். சட்டத்தின் நேரான ஓரத்தைப் பிடித்து ரவுட்டர் ஓட்டி வெட்டுங்கள். ராடு பள்ளத்தில் கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. ஆடினால் பின்னால் வாசிக்கும்போது கிணுகிணுக்கும்.

ஃபிரெட் வெட்டுகள். ஃபிரெட்போர்டு நீள்சதுரமாக இருக்கும்போதே எல்லா வெட்டுகளையும் போட்டுவிடுங்கள். சரிந்த ஓரத்தில் மூலைமட்டம் வைத்து வெட்டினால் ஒவ்வொரு ஃபிரெட்டும் சுமார் ஒரு டிகிரி சாய்ந்துவிடும், சுருதி சேராது.

ஹெட்ஸ்டாக் கோணம். சட்டத்தைச் சாய்வாக அறுத்துத் திருப்பி ஒட்டும் முறைதான் மரத்துக்கும் சிக்கனம், வலுவும் அதிகம். 14 டிகிரி அளவு வையுங்கள்.

ஹீலும் உடம்பும் சேரும் மூட்டு. செதுக்கிய கழுத்தை வைஸில் நேராகப் பிடிக்கவே முடியாது என்பதால், இதையும் இப்போதே பொருத்திவிடுங்கள். இன்னொரு பலனும் உண்டு. கழுத்தை உடம்பில் மாட்டி, நட் நடுவிலிருந்து பிரிட்ஜ் நடுவுக்கு ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். கழுத்தில் நீங்கள் முதலில் கிழித்த நடுக்கோட்டிலிருந்து நூல் அரை மில்லிமீட்டர் விலகி ஓடலாம். அப்படி என்றால் பழைய கோட்டை இழைத்துவிட்டு, நூல் காட்டும் கோட்டையே நடுக்கோடாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் திருத்தம் செய்ய இதற்குப் பிறகு சந்தர்ப்பம் கிடையாது. சட்டம் இன்னும் அகலமாக இருப்பதால்தான் இப்போது முடிகிறது. இதைவிடக் கூடுதலாக விலகினால், கோட்டை நகர்த்தாமல் ஹீல் மூட்டைச் சீவிச் சரிசெய்யுங்கள். ராடு பள்ளம் நடுவை விட்டு அதிகம் தள்ளிப் போகக் கூடாது.

## 4. ஃபிரெட்போர்டைத் தனியாகச் சரிவாக்குங்கள்

கழுத்தையும் ஃபிரெட்போர்டையும் ஒட்டியபின் சேர்த்துச் சரிவாக்குகிறவர்கள் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. 6 மி.மீ. பலகையைத் தனியாகச் சரிவாக்குவது எளிது. பிழைத்தாலும் போவது ஒரு பலகைதான். அதோடு, சரியாகச் சரிவாக்கிய பலகை கழுத்து மரத்துக்கு வார்ப்பாகவும் (அளவு மாதிரியாகவும்) பயன்படும்.

பலகையின் முகத்தில் நடுக்கோடு கிழியுங்கள். நட் முனையில் இருபுறமும் 22 மி.மீ., 12-ஆவது ஃபிரெட்டில், அதாவது நட்டிலிருந்து 322.5 மி.மீ. தூரத்தில், இருபுறமும் 27.5 மி.மீ. குறியுங்கள். இரண்டு புள்ளிகளையும் இணைத்துக் கோட்டைப் பலகையின் கடைசி வரை நீட்டுங்கள். பென்சில் வேண்டாம், கூரான கத்தி முனையால் கிழியுங்கள். ஈட்டியின் கருநிறத்தில் கோடு தெரியாவிட்டால் வெள்ளை டேப் ஒட்டி அதன்மேல் கிழிக்கலாம்.

கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்துவிட்டு, மிச்சத்தை இழைப்புளியால் எடுங்கள். அகலமான முனையிலிருந்து நட்டை நோக்கி மட்டும் இழைக்க வேண்டும். அந்தத் திசையில் பிளேடு நாரின் இறங்குமுகமாகப் போகும், பிய்க்காது. எதிர்த்திசையில் போனால் ஒவ்வொரு ஃபிரெட் வெட்டின் ஓரத்திலும் சிறு சில்லு பெயரும்.

இழைத்த ஓரத்தில் இரும்புச் சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி எங்கும் கசியக் கூடாது. ஒரு முடியளவு குழிவு இருந்தால்கூட, பின்னால் கழுத்து முழுக்க அது தொடர்ந்து வரும்.

## 5. ஒட்டுவது, பக்கங்களை இறக்குவது

ராடை எந்த இழுப்பும் இல்லாத நிலையில் வையுங்கள். பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் ஒட்டிவிட்டுப் பசை தடவி, பிறகு டேப்பை உரித்தால் ராடுக்குள் பசை இறங்காது. பசை தடவிய பலகை கிளாம்ப் அழுத்தத்தில் வழுக்கும். அதைத் தடுக்க, 1-ஆவது, 12-ஆவது ஃபிரெட் வெட்டுகளுக்குள் மெல்லிய துளை போட்டு, தலை நறுக்கிய சிறு ஆணிகளை முன்கூட்டியே இறக்கிப் பொருத்திப் பாருங்கள். பசை காய்ந்ததும் உருவிவிடலாம், துளையை ஃபிரெட் மறைத்துவிடும்.

தண்ணீர் கலந்த மரப்பசை பலகையின் அடிமுகத்தை மட்டும் ஊதவைத்து, கழுத்தைப் பின்பக்கமாக வளைக்கப் பார்க்கும். பசையை மெல்லிய படலமாக மட்டும் தடவி, முழு நீளத்துக்கும் தட்டையான தடித்த கட்டையை மேலே வைத்துக் கிளாம்ப் செய்து, ஒரு முழுநாள் விடுங்கள். எப்பாக்சி பயன்படுத்தினால் இந்த ஊதல் கிடையாது. ஆனால் கிளாம்ப்பை அளவோடு இறுக்குங்கள், பசை முழுக்கப் பிதுங்கிவிடக் கூடாது.

பிறகு கழுத்து மரத்தை, ஃபிரெட்போர்டு ஓரத்திலிருந்து 1.5 மி.மீ. வெளியே அறுங்கள். மிச்சத்தை இழைப்புளியால் பலகையின் ஓரம் வரை இறக்குங்கள். இங்கேயும் ஹீலிலிருந்து நட்டை நோக்கித்தான். ஹெட்ஸ்டாக் அகலமாக விரியும் இடத்துக்கு முன் நிறுத்திக்கொண்டு, அந்தக் கடைசிப் பகுதியை உளியாலும் அரத்தாலும் எடுங்கள். ரவுட்டரில் பேரிங் உள்ள பிட் போட்டும் இதைச் செய்யலாம், வேகமாக முடியும். ஆனால் ஹெட்ஸ்டாக் பக்கம் நார் திரும்பும் இடத்தில் ரவுட்டர் ஒரே நொடியில் பெரிய துண்டைப் பிய்த்துவிடும். அங்கே நிறுத்தத் தெரிந்தால் மட்டும் ரவுட்டர் எடுங்கள்.

பக்கங்கள் ஒட்டு முகத்துக்குச் செங்கோணமாக நிற்க வேண்டும். இப்போது மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் அடுத்து இந்தப் பக்கங்களில்தான் ஆழக் கோடுகளைக் கிழிக்கப்போகிறோம்.

## 6. கனத்தின் சரிவு

1-ஆவது ஃபிரெட் நட்டிலிருந்து 36.2 மி.மீ., 10-ஆவது 283 மி.மீ. இந்த இரண்டு இடத்திலும் கழுத்தின் இரு பக்கங்களிலும் ஒட்டு முகத்திலிருந்து 15.5, 17.5 மி.மீ. என்று குறியுங்கள். அரை மில்லிமீட்டர் கூடுதல், கடைசித் தேய்ப்புக்காக. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, நட் வரை நீட்டுங்கள். ஹீல் பக்கம் 11-ஆவது ஃபிரெட்டோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் ஹீலின் வளைவு தொடங்கும்.

பின்பக்கத்தை இந்தக் கோடு வரை தட்டையாக இறக்குங்கள். உருட்டவே கூடாது, பலகை போல முழுத் தட்டை. ஸ்போக்‌ஷேவ் இங்கே நன்றாக ஓடும். தடித்த பக்கமான ஹீலிலிருந்து மெல்லிய நட் பக்கம் சீவினால் நார் வழிவிடும்.

முடித்ததும் வெர்னியரால் இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் அளவெடுங்கள். வலது கைக்காரர்கள் செதுக்கினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 0.5 மி.மீ. அளவுக்குக் குறைந்திருக்கும், கை அழுத்தம் ஒரு பக்கம் கூடுவதால். உருட்டியபின் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாசிப்பவரின் கை கண்டுபிடித்துவிடும். கழுத்து லேசாகத் திரும்பியிருப்பதுபோல் படும்.

ஃபிரெட்போர்டின் மேல்முகத்தை இந்த நேரத்தில் வளைவாக்காதீர்கள். அது தட்டையாக இருக்கும்வரைதான் தாங்கு கட்டையில் ஆடாமல் படுக்கும், வெர்னியரும் சரியாகச் சொல்லும்.

## 7. இரண்டு வார்ப்புகள்

1-ஆவது, 10-ஆவது ஃபிரெட்டுகளில் கழுத்தின் குறுக்குவெட்டு எப்படி இருக்க வேண்டும் என்று முழு அளவில் வரைந்து, அந்த வளைவை மெல்லிய ஹார்ட்போர்டிலோ அக்ரிலிக்கிலோ குழிவாக வெட்டிக்கொள்ளுங்கள். கழுத்தின் மேல் கவிழ்த்துவைத்து, இடுக்கில் தெரியும் ஒளியைப் பார்ப்பதற்கு.

பாதி நீள்வட்டம் என்பது பழகியவர், புதியவர் எல்லோருக்கும் பொருந்தும் சி வடிவம். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் நடுக்கனத்தை மட்டும் பேசுகிறார்கள். கை அதிகம் உணர்வது தோள்களை, அதாவது ஃபிரெட்போர்டுக்கும் முதுகுக்கும் நடுவே மரம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதை. ஒரே 21 மி.மீ. கழுத்து, தோள் புடைத்தால் தடியாகவும், தோள் ஒடுங்கினால் மெலிந்ததாகவும் படும். கழுத்து தடியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், முதுகைத் தொடாமல் தோளில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். பல நேரம் அதுவே போதும்.

## 8. முதல் பட்டை

இனிதான் வடிவம் வருகிறது. மூலைகளைக் கணக்காகச் சரித்துப் பட்டை எடுக்கப்போகிறோம். கணக்கு எளிது. அகலத்தில் பாதியை 0.414-ஆல் பெருக்குங்கள். முதுகில் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அவ்வளவு தூரத்தில் ஒரு கோடு. மரத்தின் ஆழத்தை 0.414-ஆல் பெருக்குங்கள். பக்கத்தில் ஒட்டு முகத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள மூலையை எடுத்துவிட்டால், கிடைக்கும் பட்டை நீள்வட்டத்தைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கும், உள்ளே வெட்டாது.

நம் கழுத்துக்கு: 1-ஆவது ஃபிரெட்டில் அகலம் 45.2, பாதி 22.6. முதுகுக் கோடு நடுவிலிருந்து 9.4 மி.மீ. பக்கக் கோடு, 15.5 மி.மீ. ஆழத்துக்கு, 6.4 மி.மீ. 10-ஆவது ஃபிரெட்டில் அகலம் 53.6, பாதி 26.8. முதுகுக் கோடு 11.1 மி.மீ. பக்கக் கோடு 7.2 மி.மீ. இரண்டு இடத்துப் புள்ளிகளையும் நேர்கோடுகளால் இணையுங்கள்.

தோள் புடைத்த டி வடிவம் வேண்டுமென்றால் 0.414-க்குப் பதில் 0.5 எடுத்துக்கொள்ளுங்கள். தோள் ஒடுங்கி வி வடிவத்தை நோக்கிப் போக 0.35. வார்ப்பையும் அதற்கேற்ப வரைய வேண்டும்.

வெட்டும் வரிசை முக்கியம். முதலில் 1-ஆவது ஃபிரெட்டிலும் 10-ஆவது ஃபிரெட்டிலும் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, அரத்தைக் குறுக்காக ஓட்டி இரண்டு கோடுகளும் சேரும்வரை பட்டையை இறக்குங்கள். பிறகு ஸ்போக்‌ஷேவை நீளவாக்கில் ஓட்டி, நடுவில் இருக்கும் மரத்தை அந்த இரண்டு இடங்களோடு சமப்படுத்துங்கள். முதலிலேயே நடுவிலிருந்து தொடங்கினால் கை வசதியாக இருக்கும், ஆனால் 5-ஆவது ஃபிரெட் பக்கம் பள்ளம் விழும். நான் பார்த்த பழுதான கழுத்துகளில் மிக அதிகமானது இந்தப் பள்ளம்தான். இரும்புச் சட்டத்தைப் பட்டையின் நீளத்துக்கு வைத்து அடிக்கடி பாருங்கள். மிக லேசான மேடு இருந்தால் பரவாயில்லை, எடுத்துவிடலாம். பள்ளத்துக்கு மருந்து, கழுத்து முழுவதையும் மெலியவைப்பது மட்டும்தான்.

இடது பட்டையை முழுதாக முடித்துவிட்டு வலதுக்குப் போகாதீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றி இறக்கினால் மரத்தின் உள்ளிழுப்பும் சமமாக வெளியேறும், கண்ணும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே போகும்.

## 9. இரண்டாவது பட்டைகள்

இப்போது முதுகில் ஒரு தட்டை, இருபுறமும் சாய்ந்த பட்டைகள், பக்கங்களில் சிறு தட்டைகள் இருக்கும். ஒவ்வொரு விளிம்பையும் மறுபடி சரிக்க வேண்டும். முதுகுத் தட்டையில் இரண்டு விளிம்பிலிருந்தும் அதன் அகலத்தில் கால் பங்கு உள்ளே கோடு. சாய்ந்த பட்டையிலும் இரண்டு விளிம்பிலிருந்தும் கால் பங்கு. பக்கத் தட்டையில் மட்டும் பாதி, ஏனென்றால் அது பாதித் தட்டைதான், மறுபாதி ஃபிரெட்போர்டுக்கு அப்பால் இருந்திருக்க வேண்டியது.

இந்தக் கோடுகளுக்குள் மூலைகளை எடுங்கள். மறுபடியும் முதலில் இரண்டு முனை இடங்கள், பிறகு நடுப்பகுதி. ஸ்போக்‌ஷேவை மெல்லிய சீவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் வார்ப்பைக் கவிழ்த்தால் ஏறக்குறைய முழுதும் ஒட்டி நிற்கும், பட்டைகளின் விளிம்புகள் மட்டும் அதைத் தூக்கிப் பிடிக்கும்.

மூன்றாவது சுற்றுக்குக் கோடு தேவையில்லை. விளிம்புகளை நைஸ் அரத்தால் லேசாக முறித்துவிட்டால் போதும்.

## 10. ஹீலும் ஹெட்ஸ்டாக்கும்

கழுத்தின் நேர்ப்பகுதி முழுதும் பட்டையாக முடிந்த பிறகே இரண்டு முனைகளுக்கும் போங்கள். நேர்ப்பகுதிதான் வளைவு எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

ஹீலின் வளைவை, ஹீல் உச்சியிலிருந்து கழுத்தை நோக்கி இறங்குமுகமாக மட்டும் எடுங்கள். உளியால் பெரும்பகுதியை எடுத்து, அரத்தின் வளைந்த பக்கத்தால் முடியுங்கள். அடுக்கி ஒட்டிய ஹீல் என்றால் ஒட்டுக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டே செதுக்கினால் சமச்சீர் தானாக வரும்.

நட்டுக்குப் பின்னால் கழுத்து ஹெட்ஸ்டாக்காகத் திரும்பும் இடம்தான் கிடார் கீழே விழுந்தால் உடையும் இடம். அங்கே அழகுக்காக மெலிக்காதீர்கள். 1-ஆவது ஃபிரெட்டின் கனம் நட் வரை அப்படியே வந்து, அதன்பின் விரிய வேண்டும். பெருவிரல் உட்காரும் இடம் சொகுசாக இருக்கட்டும் என்று தேய்த்துக்கொண்டே போய், கடைசியில் கழுத்தின் மிக மெல்லிய இடத்தை அங்கே உண்டாக்கிவிடுகிறார்கள். வெர்னியரால் நட்டின் பின்னால் அளந்து, 1-ஆவது ஃபிரெட்டைவிடக் கணிசமாகக் குறையவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

## 11. உருட்டுவது

நீளமான உப்புத்தாள் பட்டையை, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் கழுத்தின் குறுக்கே இழுத்தால், விளிம்புகள் மறைந்து வளைவு வரும். 80 எண் தாளில் தொடங்குங்கள். ஒரே இடத்தில் நின்று இழுக்காமல் நகர்ந்துகொண்டே இருங்கள்.

இதை மட்டும் செய்தால் நீளவாக்கில் சின்னச் சின்ன அலைகள் வரும். அதனால் அடுத்து, முதுகு முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டு, உப்புத்தாள் ஒட்டிய 30 செ.மீ. கட்டையை நீளவாக்கில் ஓட்டுங்கள். மேடான இடத்தில் பென்சில் உடனே அழியும், பள்ளத்தில் மிஞ்சும். கிறுக்கல் எங்கும் ஒரே மாதிரி அழியும்வரை குறுக்கே, நீளவாக்கில் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். டியூப் லைட் வெளிச்சம் கழுத்தின் மேல் கோடாக விழும்படி பிடித்துத் திருப்பினாலும் அலை தெரியும். அந்த ஒளிக்கோடு நெளியாமல் ஓட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு கையை நட்டிலிருந்து ஹீல் வரை ஓட்டிப் பாருங்கள். வார்ப்பு சரி என்று சொன்ன இடத்திலும் கை ஏதாவது சொன்னால் கையைக் கேளுங்கள், இரண்டு தோள்களையும் மறுபடி ஒப்பிடுங்கள்.

ஃபிரெட்போர்டும் கழுத்தும் சேரும் கோட்டில் கவனம் வேண்டும். ஈட்டி கடினம், மகாகனி மென்மை. ஒரே அழுத்தத்தில் தேய்த்தால் மகாகனி அதிகம் போய், பலகை விளிம்பு படிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தைச் சீவுத் தகட்டால் எடுங்கள், தகடு இரண்டு மரத்தையும் ஒரே மட்டத்தில் சீவும்.

## 12. ஓய்வு, பிறகு மேல்முகம்

மரம் எடுக்கப்பட்டதும் கழுத்து கொஞ்சம் அசையும். எந்தப் பக்கமும் சாய்த்துவைக்காமல், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு ஒரு வாரமாவது விடுங்கள். ஃபிரெட்போர்டை வளைவாக்குவதையும் ஃபிரெட் அடிப்பதையும் இதுவரை தள்ளிப்போட்டதற்குக் காரணம் இதுதான். செதுக்குவதற்கு முன் ஃபிரெட் அடித்தால், பிறகு கழுத்து அசைந்த அளவுக்கு ஃபிரெட்டுகளை ராவ வேண்டியிருக்கும்.

ஓய்வுக்குப் பின் ராடு தளர்வாக இருக்கும்போது மேல்முகத்தில் சட்டம் வைத்துப் பாருங்கள். சிறு வளைவு இருந்தால் ராடால் இழுத்துச் சரிசெய்யாமல், பலகையை இழைத்தே நேராக்குங்கள். ராடு கம்பிகளின் இழுப்பைச் சமாளிக்கத்தான், அதன் முழு ஓட்டமும் அதற்கு மிஞ்ச வேண்டும். பிறகு 16 அங்குல ஆரத்தில் வளைவாக்குங்கள். நட் முனையில் ஓரங்கள் சுமார் 0.6 மி.மீ. இறங்கும், நடு அப்படியே நிற்கும், ஆகவே நீங்கள் அளந்துவைத்த கனம் மாறாது.

ஃபிரெட் அடித்து முனைகளை ராவியதும், முதுகை 120, 180, 240, 320 என்று வரிசையாகத் தேய்த்து முடியுங்கள். 240-க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை 320-ல் எடுத்துவிட்டால் பூச்சின்மேல் மறுபடி எழாது. பலகையின் கூர் விளிம்பையும் இப்போது லேசாக முறித்துவிடுங்கள்.

பூச்சைப் பொறுத்தவரை, நம் ஊர் வெயிலில் வியர்க்கும் கைக்குத் தடித்த பளபளப்பு வார்னிஷ் ஒட்டிக்கொள்ளும். கழுத்துக்கு மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இரண்டு மூன்று கை போட்டு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்தபின் மிக நைஸான ஸ்டீல் உல்லால் நீளவாக்கில் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.